செய்தவர் யார்? ஆங்கிலச் செயப்பாட்டு வினை சொல்லாமல் விடும் பெயர்

தோட்டத்து லயத்து வீட்டுக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இருபத்தைந்து ஆண்டுகளாகப் பால்மரம் வெட்டிய அப்பா, நான்காம் படிவத்தில் படிக்கும் மகளிடம் அதைக் கொடுக்கிறார்.

"படிச்சுச் சொல்லும்மா, என்ன போட்டிருக்கு?"

கடிதத்தில் மூன்றே வரிகள். 'தி எஸ்டேட் ஹேஸ் பீன் சோல்ட்' என்றால் தோட்டம் விற்கப்பட்டுவிட்டது. 'யுவர் சர்வீசஸ் ஆர் டெர்மினேட்டட்' என்றால் உங்கள் சேவை முடிவுக்குக் கொண்டுவரப்படுகிறது. 'தி கோட்டர்ஸ் மஸ்ட் பி வெக்கேட்டட் பை 31 மார்ச்' என்றால் மார்ச் 31ஆம் தேதிக்குள் வீடு காலி செய்யப்பட வேண்டும்.

"யாரும்மா வித்தது? யாரு நம்மள நிறுத்துறாங்க?"

மகள் மறுபடியும் படிக்கிறாள். 'பை' என்றால் 'ஆல்' என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கடிதம் முழுவதும் தேடினால் ஒரே ஒரு 'பை' அகப்படுகிறது. அதற்குப் பின்னால் ஆள் இல்லை, தேதிதான் இருக்கிறது.

"யாருன்னே போடலப்பா."

இந்தக் கடிதத்தில் இலக்கணப் பிழை எதுவும் கிடையாது. மூன்று வரிகளும் சுத்தமான ஆங்கிலம். ஆனால், வீட்டையும் வேலையையும் இழக்கப்போகிற குடும்பம் முதலில் கேட்கும் கேள்விக்கு மட்டும் அதில் பதில் இல்லை. இதைச் சாத்தியமாக்கிய இலக்கணத்தின் பெயர் செயப்பாட்டு வினை. ஆங்கிலத்தில் 'பேசிவ் வாய்ஸ்'. பள்ளியில் மதிப்பெண்ணுக்காகப் படித்துவிட்டு மறந்துபோகும் இந்தப் பாடம், வாழ்க்கையில் எங்கெல்லாம் குறுக்கே வந்து நிற்கிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்பது நல்லது.

இராமன் கொன்றான், இராவணன் கொல்லப்பட்டான்

ஆங்கில வகுப்பில் உட்கார்ந்த தமிழர் பலருக்கும் இந்த எடுத்துக்காட்டு தெரிந்திருக்கும். 'ராமா கில்ட் ராவணா' என்பதை 'ராவணா வாஸ் கில்ட் பை ராமா' என்று மாற்ற வேண்டும். பின்னால் இருப்பதை முன்னால் கொண்டு வா, 'வாஸ்' போடு, வினைச்சொல்லின் மூன்றாம் வடிவத்தை எழுது, 'பை' சேர், முன்னால் இருந்தவரைப் பின்னால் தள்ளு. மாணவர் மாற்றிவிடுவார், மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். ஏன் மாற்ற வேண்டும் என்று அவர் கேட்பதில்லை.

காரணம் எளிது. ஒரு செயலில் செய்தவர், செய்யப்பட்டது என இரண்டு பக்கங்கள் உண்டு. எது பேச்சின் மையமோ அது வாக்கியத்தின் தலையில் நிற்கும். இராமனைப் பற்றிய பேச்சென்றால் முதல் வடிவம். இராவணன் என்ன ஆனான் என்ற பேச்சென்றால் இரண்டாம் வடிவம். இரண்டாம் வடிவத்தில் இன்னொரு வசதியும் உண்டு. 'பை ராமா' என்ற கடைசித் துண்டை வெட்டி எறிந்தாலும் வாக்கியம் முழுமையாகவே நிற்கும். முதல் வடிவத்தில் 'ராமா'வை எடுத்துவிட்டால் வாக்கியம் விழுந்துவிடும். செயப்பாட்டு வினையின் பலமும் ஆபத்தும் இந்த ஒரே இடத்தில்தான் இருக்கின்றன.

இதன் அமைப்பைத் தோட்டத்துச் சொல்லிலேயே புரிந்துகொள்ளலாம். மரம் வெட்டுவது ஆங்கிலத்தில் 'டேப்'. அதன் மூன்றாம் வடிவம் 'டேப்ட்'. தினமும் வெட்டப்படுகிறது என்றால் 'இஸ் டேப்ட்'. நேற்று வெட்டப்பட்டது என்றால் 'வாஸ் டேப்ட்'. இந்த நேரத்தில் வெட்டப்பட்டுக் கொண்டிருக்கிறது என்றால் 'இஸ் பீயிங் டேப்ட்'. வெட்டி முடிக்கப்பட்டுவிட்டது என்றால் 'ஹேஸ் பீன் டேப்ட்'. நாளை வெட்டப்படும் என்றால் 'வில் பி டேப்ட்'. ஐந்திலும் 'டேப்ட்' மாறவே இல்லை. மாறியதெல்லாம் அதற்கு முன்னால் நிற்கும் துணைச்சொற்கள்தாம்.

தமிழில் இது தலைகீழ். 'வெட்டப்படுகிறது, வெட்டப்பட்டது, வெட்டப்படும்' என்று சொல்லின் வாலில் காலம் தெரிகிறது. ஆங்கிலத்தில் காலம் முன்னால் தெரிகிறது. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் பதித்துக்கொண்டால், பத்துப் பக்கப் பயிற்சியில் குழம்பும் பிள்ளைக்குப் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மூன்று மொழிப் பிள்ளையின் சிக்கல்

மலாக்கா மாநிலத்தில் 21 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. தெபோங், காடேக், புலாவ் செபாங் தொடங்கி ஜாசின், மெர்லிமாவ் வரை அங்குப் படிக்கும் பிள்ளைகள் மூன்று மொழிகளைச் சுமந்துகொண்டு போகிறார்கள். வீட்டில் தமிழ், வெளியில் மலாய், பாடநூலில் ஆங்கிலமும் சேர்ந்துகொள்கிறது. மூன்றுக்கும் செயப்பாட்டு வினை உண்டு. ஆனால் மூன்றும் அதை ஒரே அளவில், ஒரே விதமாகப் பயன்படுத்துவதில்லை. பிள்ளைகள் செய்யும் பிழைகள் பலவற்றுக்கு இதுவே மூலம்.

மலாய் மொழியில் 'டி' என்ற முன்னொட்டு போதும். மரம் வெட்டுவது 'மெனோரே', வெட்டப்படுவது 'டித்தோரே'. அனுப்புவது 'மெங்ஹந்தார்', அனுப்பப்படுவது 'டிஹந்தார்'. பேருந்து நிலையத்திலும் மருத்துவமனையிலும் தொங்கும் 'டிலாராங் மெரோக்கோக்', தொழிற்சாலை வாசலில் இருக்கும் 'டிலாராங் மாசோக்' எல்லாம் இந்த வகைதான். புகைப்பது தடை செய்யப்படுகிறது, நுழைவது தடை செய்யப்படுகிறது. தடை செய்தவர் யார் என்று பலகை சொல்வதில்லை. ஆகவே இந்த நாட்டில் வளரும் பிள்ளை, இலக்கணத்தின் பெயர் தெரியாமலேயே செயப்பாட்டு வினையைத் தினந்தோறும் படித்துக்கொண்டுதான் இருக்கிறது.

சிக்கல் எங்கே வருகிறது? மலாயில் 'சூராட் டிஹந்தார்' என்று இரண்டே சொல்லில் முடிந்துவிடுகிறது. தமிழிலும் 'கடிதம் அனுப்பப்பட்டது' என்று இரண்டே சொல். இந்தப் பழக்கத்தில் பிள்ளை ஆங்கிலத்திலும் 'லெட்டர் சென்ட்' என்று எழுதி நிறுத்திவிடுகிறது. நடுவில் இருக்க வேண்டிய 'வாஸ்' காணாமல் போகிறது. 'தி லெட்டர் வாஸ் சென்ட்' என்பதே சரி. 'வாஸ்' இல்லாவிட்டால், கடிதமே எதையோ அனுப்பியது என்று படிப்பவர் ஒரு கணம் தடுமாறுவார்.

இன்னொரு பிழை இதற்கு நேர் எதிரானது. தேவையில்லாத இடத்தில் 'வாஸ்' போடுவது. 'தி ஆக்சிடென்ட் வாஸ் ஹேப்பன்ட்' என்று எழுதுபவர்கள் ஏராளம். விபத்து நடந்தது. அதை யாரும் 'நடக்கவில்லை'. எதையோ செய்யும் வினைக்குத்தான் செயப்பாட்டு வடிவம் உண்டு. தானாக நிகழும் வினைக்குக் கிடையாது. 'வெட்டினான்' என்றால் எதை என்று கேட்கலாம். 'வந்தான்', 'இறந்தான்', 'நடந்தது' என்றால் எதை என்று கேட்க முடியாது. 'எதை, யாரை' என்று கேட்டுப் பார்க்கட்டும். பதில் வந்தால் மாற்றலாம், வராவிட்டால் மாற்றக்கூடாது. இந்தச் சோதனைக்குத் தமிழறிவே போதும்.

நேர்முகத் தேர்வில் முதல் கேள்விக்கே தடுமாற வைப்பது 'பிறந்தேன்' என்ற சொல். தமிழில் நாமே பிறக்கிறோம். ஆங்கிலத்திலோ பெற்றெடுக்கப்படுகிறோம். ஆகவே 'ஐ வாஸ் பார்ன் இன் ஜாசின்' என்றுதான் சொல்ல வேண்டும். 'ஐ பார்ன்' என்பதும் 'ஐ ஆம் பார்ன்' என்பதும் பிழை. மலாயில் 'டிலாஹிர்கான்' என்று சொல்கிறோமே, அதை நினைத்துக்கொண்டால் போதும். இங்கே மலாய் நமக்குக் கைகொடுக்கிறது.

தமிழுக்கு வந்தால், வீட்டுப் பேச்சில் 'படு' சேர்த்து யாரும் பேசுவதில்லை. 'என்னால் சோறு சமைக்கப்பட்டது' என்று எந்த அம்மாவும் சொன்னதில்லை. அதற்குப் பதில் தமிழுக்கு வேறு வழிகள் உண்டு. 'ஏச்சு வாங்கினான்', 'அடி வாங்கினான்', 'ஏமாந்துட்டான்' என்கிறோம். இதையே மலாய்ப் பேச்சில் 'கெனா மாரா', 'கெனா திப்பு' என்கிறார்கள். ஆங்கிலப் பேச்சில் 'காட் ஸ்கோல்டட்', 'காட் சீட்டட்'. மூன்று மொழிகளுக்கும் மனிதர் படும் பாடு ஒன்றுதான்!

செய்யப்பட்ட பொருளையே செய்தவர் இடத்தில் நிறுத்திப் பேசுவதும் தமிழில் உண்டு. அது வழக்கம்தான் என்று தொல்காப்பியமே ஏற்றுக்கொள்கிறது. வீட்டில் பீங்கான் மங்கு உடைந்து கிடக்கிறது. "யாருடா உடைச்சது?" என்று அம்மா கேட்கிறார். "உடைஞ்சிருச்சும்மா" என்கிறான் பையன். மங்கு தானாகவே உடைந்துகொண்டதாம்! இலக்கணம் படிக்காத ஐந்து வயதுப் பிள்ளைக்கும், செய்தவர் பெயரை வாக்கியத்திலிருந்து கழற்றிவிடத் தெரிந்திருக்கிறது. அம்மாவுக்கோ அந்தப் பெயரைத் திரும்பக் கொண்டுவரத் தெரிந்திருக்கிறது. கடிதம் படிக்கும்போதும் இந்த அம்மாவின் காதுதான் தேவை.

மலாக்காவே செயப்பாட்டு வினையில்

செயப்பாட்டு வினை என்றாலே ஏமாற்று என்று நினைத்துவிடக்கூடாது. அது மிகப் பொருத்தமாக அமையும் இடங்கள் பல. மலாக்காவின் வரலாற்றை எடுத்துக்கொண்டாலே இது விளங்கும்.

1511இல் மலாக்கா போர்த்துகீசியரால் கைப்பற்றப்பட்டது. 1641இல் டச்சுக்காரரால் கைப்பற்றப்பட்டது. 1824ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி ஆங்கிலேயருக்கு விட்டுக்கொடுக்கப்பட்டது. 2008இல் ஜார்ஜ் டவுனோடு சேர்த்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. நான்கு வாக்கியங்களிலும் பேச்சின் மையம் மலாக்கா. செய்தவர்கள் மாறிக்கொண்டே வருகிறார்கள், நகரம் ஒன்றேதான். இதைச் செய்வினையில் எழுதினால் வாசகர் போர்த்துகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று தாவிக்கொண்டிருக்க வேண்டும். செயப்பாட்டு வினை நகரத்தை நடுவில் நிறுத்திக் கதையைச் சொல்கிறது. தேர்வில் கட்டுரை எழுதும் மாணவர் இந்த நுட்பத்தைப் பிடித்துக்கொண்டால், பத்தி சிதறாமல் நிற்கும்.

நாட்டின் விடுதலை நாள் 1956 பிப்ரவரி 20இல் மலாக்கா பண்டார் ஹிலிரில் அறிவிக்கப்பட்டது. அறிவித்தவர் துங்கு அப்துல் ரஹ்மான். இங்கே 'பை துங்கு' என்ற துண்டை விட்டுவிட முடியாது. அந்த அறிவிப்புக்கு உயிரே அந்தப் பெயர்தான். ஆக, செய்தவர் முக்கியமென்றால் 'பை' போட்டுப் பெயரைச் சொல்ல வேண்டும்.

செய்தவர் யாரென்று எல்லோருக்கும் தெரிந்திருந்தால், அல்லது அது தேவையே இல்லையென்றால், விட்டுவிடலாம். 'திருடன் கைது செய்யப்பட்டான்' என்றால் காவல்துறைதான் செய்திருக்கும் என்பது தெரிந்ததே. அறிவியல் பாடத்தில் 'நீர் சூடாக்கப்பட்டது' என்று எழுதும்போது, சூடாக்கிய மாணவரின் பெயர் சோதனைக்குத் தேவையில்லை. ஆயர் குரோ, பத்து பிரண்டாம் தொழிற்பேட்டைகளில் வேலை செய்பவர்கள் 'சேஃப்டி ஷூஸ் மஸ்ட் பி வோர்ன்' போன்ற அறிவிப்புகளை அறிவார்கள். பாதுகாப்புக் காலணி அணியப்பட வேண்டும். உள்ளே வரும் எல்லோருக்கும் அந்த விதி பொருந்தும் என்பதால் பெயர் வேண்டியதில்லை.

பெயர் மறையும்போது

ஆனால் எல்லாப் பெயரும் தேவையில்லாததால் மறைவதில்லை. சில பெயர்கள் மறைக்கப்படுகின்றன.

1987ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் ரோனல்ட் ரீகன், ஈரானுக்கு ஆயுதம் விற்ற விவகாரம் பற்றி நாடாளுமன்றத்தில் பேசியபோது, கடுமையான தவறுகள் செய்யப்பட்டன என்ற பொருளில் ஒரு வாக்கியத்தைச் சொன்னார். தவறு நடந்ததை ஒப்புக்கொண்ட அந்த வாக்கியம், செய்தவர் யார் என்பதைச் சொல்லவில்லை. ஆங்கில அரசியல் பேச்சில் இந்த வாக்கிய அமைப்பு இன்றுவரை கேலிக்கு உள்ளாகிறது. எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1946இல் எழுதிய ஒரு கட்டுரையில், செய்வினையில் சொல்ல முடிகிற இடத்தில் செயப்பாட்டு வினையைப் போடாதே என்று விதியே வகுத்தார். அதே கட்டுரையில் அவரும் அதைப் பலமுறை பயன்படுத்தியிருக்கிறார் என்பது வேறு கதை. முற்றாக விலக்குவது யாராலும் ஆகாது. எங்கே எதற்காக வருகிறது என்று கவனிப்பதே அறிவு.

நம் சொந்த வரலாற்றையும் இந்தக் கண்ணால் பார்க்க வேண்டும். 'இந்தியத் தொழிலாளர்கள் மலாயாவுக்குக் கொண்டுவரப்பட்டனர்' என்ற வாக்கியத்தைப் படிக்காத தமிழ் மாணவர் இருக்க முடியாது. யாரால் கொண்டுவரப்பட்டனர்? அந்தக் கேள்வியைக் கேட்டவுடன் பெயர்கள் வரிசையாக எழுந்து வருகின்றன. ஒப்பந்தக் கூலி முறையில் ஆள் பிடித்த முகவர்கள். அந்த முறை மலாயாவில் 1910இல் முடிவுக்கு வந்தது. சொந்த ஊருக்கே திரும்பிப் போய் உற்றார் உறவினரைத் திரட்டி வந்த கங்காணிகள். செலவுக்கென்று 1907இல் நிதி அமைத்த காலனித்துவ அரசாங்கம். அந்த நிதிக்குப் பணம் கட்டிய தோட்ட முதலாளிகள். இறுதியில் 1938இல் உதவி பெற்று வரும் குடியேற்றத்துக்குத் தடை விதித்த இந்திய அரசாங்கம். ஒரே ஒரு 'யாரால்' இத்தனை பேரையும் மேடைக்குக் கொண்டுவருகிறது.

மலாயாவில் வணிக முறையில் முதன்முதலாக ரப்பர் பயிரிடப்பட்டது மலாக்காவில்தான். 1896இல், புக்கிட் லிந்தாங்கில், மலாக்காவைச் சேர்ந்த டான் சாய் யான் என்ற சீன வணிகரால் அது தொடங்கப்பட்டது. அடுத்து புக்கிட் அசகானில் பெரிய அளவில் விரிவானது. வாக்கியத்தில் முதலாளியின் பெயர் 'ஆல்' சேர்ந்து நிற்கிறது. குழி தோண்டியவர்கள், கன்று நட்டவர்கள் பெயர் அந்த வாக்கியத்தில் இடம்பெறவில்லை. 'பை' போட்டுவிட்டதாலேயே எல்லாப் பெயரும் வந்துவிட்டதாகாது என்பதற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு.

1950களில் மலாயா முழுவதும் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. மலாக்காவும் தப்பவில்லை. 1951 முதல் 1960 வரை நடந்த இந்தத் துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசிஸ் விரிவாக ஆராய்ந்தார். பெரிய தோட்டங்களை வெளிநாட்டுக் கம்பெனிகள் விற்றன. வாங்கியவர்கள் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து மறுபடியும் விற்றார்கள். தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்தார்கள். 'தோட்டம் துண்டாடப்பட்டது' என்ற இரண்டு சொற்களுக்குள் விற்றவர், வாங்கியவர், இழந்தவர் மூவரும் மறைந்துகொள்கிறார்கள்.

இதற்குப் பதிலாக வந்த வாக்கியம் செய்வினையில் அமைந்தது. 1960இல் துன் வீ.தி.சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் பங்குப் பணம் கட்டினார்கள். கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. தோட்டங்கள் 'விற்கப்பட்ட' காலத்தில், தொழிலாளர்கள் தோட்டத்தை 'வாங்கினார்கள்'. யார், என்ன செய்தார்கள் என்பதில் எந்த மறைவும் இல்லை.

உரிமைக்கு ஒரு பெயர் தேவை

செய்தவர் பெயர் தெரிவதால் என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். சட்டம் பேசத் தொடங்கும் இடமே அதுதான்.

நியாயமான காரணமின்றி வேலை நீக்கம் செய்யப்பட்டதாகக் கருதும் தொழிலாளி, 1967ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி, 60 நாளுக்குள் தொழிலுறவு இலாகாவில் முறையிட வேண்டும். முறையீட்டில் முதலில் எழுத வேண்டியது முதலாளியின் பெயர். 'சேவை முடிவுக்குக் கொண்டுவரப்படுகிறது' என்ற வாக்கியத்தை வைத்துக்கொண்டு யாருக்கு எதிராக முறையிடுவது? கடிதத்தின் தலைப்பையும் கையெழுத்தையும் முத்திரையையும் பார்க்க வேண்டும். அதிலும் தெளிவில்லாவிட்டால் நிர்வாகத்திடம் எழுத்து மூலம் கேட்க வேண்டும். அதற்குள் நாள்கள் ஓடிக்கொண்டிருக்கும்.

ஆள்குறைப்பு ஏற்பட்டால் 1980ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி இழப்பீடு உண்டு. 12 மாதமாவது தொடர்ந்து வேலை செய்திருக்க வேண்டும். இரண்டு ஆண்டுக்குக் குறைவான சேவைக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளம், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் என்றால் 15 நாள், ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 20 நாள். ஆனால் தோட்டம் கைமாறும்போது கணக்கு சற்று மாறும். பழைய நிபந்தனைகளுக்குக் குறையாத வேலையைப் புதிய உரிமையாளர் 7 நாளுக்குள் தர முன்வந்து, தொழிலாளி தகுந்த காரணமின்றி மறுத்துவிட்டால், அந்த இழப்பீட்டைக் கேட்க முடியாது. ஆகவே 'விற்கப்பட்டது' என்ற சொல்லுக்குப் பின்னால் வாங்கியவர் யார், அவர் வேலை தர முன்வந்தாரா என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இருந்துவிடக்கூடாது. ஓர் இலக்கண இடைவெளியில் ஒரு குடும்பத்தின் சேமிப்பே சிக்கிக்கொள்ளலாம்.

பதில் எழுதும்போதும் இதே கவனம் வேண்டும். ஆங்கிலத்தில் புகார் எழுதும் நம்மவர்கள் மரியாதை என்று நினைத்து 'மை வேஜஸ் வேர் நாட் பெய்ட்' என்று எழுதுகிறார்கள். என் சம்பளம் கொடுக்கப்படவில்லை என்று பொருள். இதில் யார் கொடுக்கவில்லை என்பது இல்லை. சம்பளக் காலம் முடிந்து ஏழாம் நாளுக்குள் சம்பளம் தரப்பட வேண்டும் என்று 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் சொல்கிறது. தர வேண்டியவர் முதலாளி. ஆகவே கம்பெனியின் முழுப் பெயரை வாக்கியத்தின் தலையில் எழுதி, 'டிட் நாட் பே மை வேஜஸ்' என்று தொடர்ந்து, எந்த மாதச் சம்பளம் என்பதையும் சேர்க்க வேண்டும். இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. அதிகாரிக்கு வேலை எளிதாகிறது.

வேலை விண்ணப்பத்தில் எது எங்கே?

எஸ்.பி.எம். முடித்த பிள்ளைகளின் விண்ணப்பக் கடிதத்துக்கும் இதே அளவுகோல் பொருந்தும். பிறர் நமக்குத் தந்ததைச் செயப்பாட்டு வினையில் சொல்லலாம். 'ஐ வாஸ் அப்பாயின்டட் ஹெட் ப்ரிஃபெக்ட்' என்றால், நான் தலைமை மாணவராக நியமிக்கப்பட்டேன். நியமித்தது பள்ளி என்பது தெரிந்ததே, பெருமையும் அடக்கமாக வெளிப்படுகிறது. நாமே செய்ததைச் செய்வினையில் சொல்ல வேண்டும். 'ஐ ஆர்கனைஸ்ட் தி ஸ்போர்ட்ஸ் டே' என்றால், விளையாட்டுப் போட்டியை நான் ஏற்பாடு செய்தேன். இதைப் போய் 'ஸ்போர்ட்ஸ் டே வாஸ் ஆர்கனைஸ்ட்' என்று எழுதினால், உழைத்தவர் தன் பெயரைத் தானே அழித்துக்கொள்கிறார்.

நேர்முகத் தேர்வில் அடிக்கடி கேட்கும் இன்னொரு பிழை, 'ஐ ஆம் இன்ட்ரெஸ்டிங் இன் திஸ் ஜாப்' என்பது. நான் சுவாரசியமான ஆள் என்று தன்னைத்தானே புகழ்ந்துகொள்வது போல ஆகிவிடும். வேலை நம்மை ஈர்க்கிறது, நாம் ஈர்க்கப்படுகிறோம். ஆகவே 'இன்ட்ரெஸ்டட்'. அதேபோல் 'ஐ ஆம் போரிங்' என்றால் மற்றவர்களுக்கு அலுப்பூட்டும் ஆள் நான் என்று பொருள். 'ஐ ஆம் போர்ட்' என்றால்தான் எனக்கு அலுப்பாக இருக்கிறது என்று பொருள். ஈர்ப்பவர் யார், ஈர்க்கப்படுபவர் யார் என்ற கேள்வி இங்கேயும் வழிகாட்டுகிறது.

வீட்டில் பழகும் வழி

இதற்கெல்லாம் தனி டியூஷன் தேவையில்லை. வீட்டுக்கு வரும் தண்ணீர்க் கட்டண ரசீது, மின்சார வாரியக் கடிதம், வங்கிக் கடிதம், பள்ளிச் சுற்றறிக்கை ஆகியவற்றில் ஒன்றை வாரம் ஒருமுறை பிள்ளையோடு உட்கார்ந்து படித்தால் போதும். ஆங்கிலம் தெரியாத பெற்றோரும் இதில் கலந்துகொள்ளலாம். பிள்ளை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லட்டும். 'பட்டது', 'படும்', 'பட வேண்டும்' என்று முடியும் ஒவ்வொரு வரியிலும் பெற்றோர் மூன்று கேள்விகளைக் கேட்கட்டும்.

யாரால்? இந்தக் கடிதத்திலேயே வேறு எங்காவது அந்தப் பெயர் இருக்கிறதா? இல்லையென்றால், அந்தப் பெயர் நமக்குத் தேவையா?

மூன்றாம் கேள்விதான் முக்கியம். 'தண்ணீர் விநியோகம் நாளை நிறுத்தப்படும்' என்ற அறிவிப்புக்குக் குழாயை மூடும் தொழிலாளியின் பெயர் தேவையில்லை, நேரம் தெரிந்தால் போதும். 'உங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது' என்றால், நிராகரித்தது எந்த இலாகா, எந்தப் பிரிவு, மேல்முறையீட்டை யாரிடம் செய்வது என்பது கட்டாயம் தேவை. எந்தப் பெயர் வேண்டும், எந்தப் பெயர் வேண்டாம் என்று பிரித்தறியப் பழகிய பிள்ளை, தேர்வில் மட்டுமல்லாமல் அரசாங்க அலுவலக முகப்பிலும் நிமிர்ந்து நிற்கும். கூடவே, 'பை' வரும் இடத்திலெல்லாம் அதற்குப் பின்னால் நிற்பது ஆளா, தேதியா, பேருந்தா என்று ஒரு முறை உற்றுப் பார்க்கும்.

அப்படிக் கேட்டும் பெயர் கிடைக்கவில்லையென்றால், ஒரு வரியில் பதில் எழுதிக் கேட்கலாம். 'ஹூ மேட் திஸ் டிசிஷன்?' இந்த முடிவை எடுத்தவர் யார்? நான்கே சொற்கள். செய்வினையில் அமைந்த எளிய கேள்வி. கீழே தேதி போட்டு, பெயர் எழுதி, கையெழுத்திட்டு, ஒரு நகலை வீட்டில் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்.